முருகைக்கல்லுக்கு வருத்தம்

நெடுந்தீவில் வேலி என்றால் கல். யாழ்ப்பாணத்தின் மற்ற ஊர்களில் கிடுகும் பனையோலையும் கதியாலும் வளவைக் காக்க, எங்கள் தீவில் முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாந்து ஒரு துளியும் இல்லாமல் மதில் எழுப்பியிருப்பார்கள். ஒழுங்கையின் இரு பக்கமும் அதுதான். தோட்டத்துக்கும் ஆட்டுப்பட்டிக்கும் அதுதான். பறங்கியர் காலத்துக் கோட்டை என்று சொல்லப்படும் இடிபாட்டுக்குப் போனாலும் சுவரில் துருத்திக்கொண்டு நிற்பது அதே கல்.

எழுபதுகளில் நான் அங்கே சிறுபிள்ளை. பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் மதிலைக் கையால் தடவிக்கொண்டே போவேன். வெயிலில் வெளுத்து, மழையில் கறுத்துப்போன கற்கள். ஆனால் கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கோலம் இருக்கும். விரல்நுனி கொள்ளும் அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓடும் மெல்லிய தகடுகள். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே உயர்ந்த வரம்பு. சில கற்களில் குழி இல்லை, வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால்கள் மட்டும். இவற்றை யார் செதுக்கினார்கள் என்று பெரியப்பாவிடம் கேட்டதாக நினைவு. மதிலில் கல் சரிந்தால் திரும்ப அடுக்குவதில் அவர் கெட்டிக்காரர். கல்லைக் கையில் எடுத்து, ஒருமுறை புரட்டி, எந்தப் பக்கம் எங்கே பொருந்தும் என்று பார்த்து வைப்பார். வைத்த கல் பிறகு அசையாது. "கடல் செய்தது பிள்ளை" என்றார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது, எனக்கும் தோன்றவில்லை.

தீவில் வளரும் கல் என்று ஒன்று உண்டு. ஆளுயரத்துக்கு நிற்கும் முருகைக்கல். ஆண்டுக்கு ஆண்டு அது உயர்கிறது என்பது ஊர் நம்பிக்கை. அதைத் தொட்டுக் கும்பிடுகிறவர்கள் இருந்தார்கள். மற்றக் கற்களெல்லாம் வெறும் கற்கள். காலால் தள்ளலாம், உடைக்கலாம், சுடலாம்.

சுட்டார்கள். இலங்கையின் தென்மேற்குக் கரையிலும், கிழக்கே கல்குடாப் பக்கத்திலும் கடலில் இருந்து பவளத்தை உடைத்து எடுத்துக் காளவாயில் இட்டுச் சுண்ணாம்பாக்குவது பல தலைமுறைத் தொழில். ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் சூட்டில் கல்லில் இருக்கும் கரியமில வாயு பறந்துவிடும். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறிவிடும். அந்த நீறு கோயிலுக்கு வெள்ளையாகவும், வீட்டுச் சுவருக்குச் சாந்தாகவும் போயிற்று. அப்பாச்சியின் கரண்டகத்துக்குள்ளும் சுண்ணாம்பு இருந்தது. வெற்றிலையின் முதுகில் ஒரு விரலால் அதைத் தடவும்போது கடலில் ஏதோ ஒன்று செத்தது என்று எங்கள் வீட்டில் எவருக்கும் நினைக்கக் காரணம் இருக்கவில்லை.

இப்போது நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். வீட்டின் இருப்பறையில் 300 லீற்றர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. மகள் மீன் வேண்டுமென்று கேட்டதில் தொடங்கியது. பவளம் பிறகு வந்தது. அறிமுகமான ஒருவர் தம் வீட்டுத் தொட்டியில் வளர்த்த பவளத்தில் இருந்து ஒரு துண்டை வெட்டித் தந்தார். உள்ளங்கையில் அடங்கும் துண்டு. ஃபேவைட்டிஸ் இனம் என்றார். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். அதே குழிகள், அதே தகடுகள், அதே வரம்புகள். ஆனால் அவற்றின்மேல் சதை இருந்தது. வரம்புகள் செம்பழுப்பு, குழிகளின் நடு பச்சை, ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு வாய். நாற்பது வயது தாண்டியபின்தான் எங்கள் மதிலில் இருந்தது எது என்று எனக்குத் தெரியவந்தது.

அந்தச் சதை எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்ல வேண்டும். வெளிவிளிம்பில் கல்லின்மேல் ஒட்டிக்கிடப்பது ஒரு தோல் மட்டுமே. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. பகலில் வெளிச்சத்தைக் கொண்டு அவை சமைக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. அதற்கு ஈடாகப் பவளம் அவற்றுக்கு இடமும் உரமும் தருகிறது. இரவில் குழியின் ஓரங்களில் இருந்து கண்ணாடி மாதிரியான கைகள் நீண்டு, தண்ணீரில் மிதந்து வருவதைப் பிடித்து வாய்க்குள் தள்ளும். இவ்வளவையும் செய்துகொண்டே அந்த உயிர் தனக்குக் கீழே கல்லைக் கட்டுகிறது. உயிரோடு இருப்பது மேல்தோல் மட்டும். கீழே உள்ளதெல்லாம் அது கட்டிவிட்டு விலகிய பழைய வீடு.

2013 டிசம்பர் 21 இரவு தொடங்கி விடியும்வரை ரொறன்ரோவில் உறைமழை கொட்டியது. மரக்கிளைகள் பனிக்கட்டிச் சுமை தாங்காமல் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. நகரத்தில் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. சில தெருக்களில் நத்தார் கழிந்த பிறகே வெளிச்சம் வந்தது. எங்கள் தெருவும் இருட்டில் கிடந்தது.

மின்சாரம் போனதும் ஆட்கள் முதலில் குளிரை நினைப்பார்கள். தொட்டியில் முதல் ஆபத்து மூச்சு. பம்ப் நின்று தண்ணீர் அசையாமல் போனால், உள்ளே இருக்கும் உயிர்கள் எல்லாம் சேர்ந்து ஒட்சிசனைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்துவிடும். தூண்டிலுக்குப் போகிறவர்கள் இரைமீனை உயிரோடு வைத்திருக்கப் பாவிக்கும் பற்றரிக் காற்றுப் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தது. அதைப் போட்டோம். பிறகு குளிர். தொட்டியைச் சுற்றிப் போர்வை கட்டினோம். எரிவாயு அடுப்பில் தண்ணீர் காய்ச்சிப் போத்தல்களில் அடைத்து மிதக்க விட்டோம். மகள் தன் குளிர்ச்சட்டைக்கு மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு, தன் போர்வையையும் கொண்டுவந்து தொட்டிக்குப் போட்டாள். 26 பாகையில் இருந்த தண்ணீர் மெல்ல மெல்ல 20 நோக்கி இறங்கியது. மின்சாரம் வந்தபிறகும் ஹீட்டரை ஒரேயடியாக ஏற்றவில்லை. குளிர்ந்த பவளத்தைத் திடீரென்று சூடாக்குவது இரண்டாவது அடி.

மீன்கள் எல்லாம் தப்பின. பவளமும் தப்பியது என்றுதான் இருந்தோம். புதுவருடம் பிறந்து கொஞ்ச நாளில் அதன் ஒரு ஓரத்தில் சதை விலகியிருப்பதைக் கண்டேன்.

இதைப் பலர் வெளிறல் என்று நினைத்துக் குழம்புவார்கள். வெளிறலில் பாசிகள் வெளியேறிவிடும். நிறம் போகும், ஆனால் சதை இருக்கும். கண்ணாடித் தோலுக்குள்ளால் கல் வெள்ளையாகத் தெரியும். பாசி திரும்பினால் நிறமும் திரும்பும். சதை விலகுவது வேறு. அங்கே தோலே இல்லை, வெறும் கல். குளிரும் மூச்சுத்திணறலும் சேர்ந்து சதையைத் தளர்த்திவிட்டால், எப்போதும் அருகிலேயே இருக்கும் பக்டீரியாக்கள் தளர்ந்த விளிம்பில் இருந்து தின்னத் தொடங்கும். அந்த விளிம்பு ஒவ்வொரு நாளும் உள்நோக்கி நகரும். நகர்ந்த இடத்தில் குழியும் தகடும் வரம்பும் வெள்ளைவெளேரென்று தெரியும். நான் சிறுவயதில் விரலால் தடவிய அந்தக் கோலம், சாவின் கோலமாக என் கண்முன்னே ஒவ்வொரு குழியாக வெளிப்பட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

நோயுற்ற பவளத்துக்கு முதல் மருந்து அமைதி. பதறிப்போய் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது நோயைவிடக் கொடியது. தண்ணீரைச் சோதித்தேன். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, கல்சியம் லீற்றருக்கு 420 மில்லிகிராம், இரண்டும் சரி. காரத்தன்மை மட்டும் 8 டிகேஹெச்சில் இருந்து இறங்கியிருந்தது. அதை ஒரே நாளில் மேலே தூக்கக் கூடாது. நாளுக்கு அரை டிகேஹெச், அவ்வளவுதான். விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்தேன். பவளத்தை நீரோட்டம் மெதுவாக இருக்கும் மூலைக்கு மாற்றினேன். பக்கத்தில் இருந்த இன்னொரு பவளத்தையும் தள்ளி வைத்தேன். பவளங்கள் இரவில் நீளமான கொடுக்குக் கைகளை நீட்டி அயலாரைச் சுடும். இடத்துக்கான போர் அது. நோயாளிக்கு அந்தப் போர் ஆகாது.

பிறகு குளிப்பு. தொட்டித் தண்ணீரையே ஒரு கிண்ணத்தில் எடுத்து, லூகோல் அயோடின் சில துளி விட்டு, அதில் பவளத்தைச் சில நிமிடம் வைத்து மெதுவாக அசைப்பது. சளியும் அழுகிய சதைத் துணுக்குகளும் கழன்று விழும். அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் எறிந்துவிட வேண்டும். இந்தக் குளிப்பு கொஞ்சம் தாமதப்படுத்தியது, நிறுத்தவில்லை. விளிம்பு நகர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் வெட்டத்தான் வேண்டியிருந்தது.

வெட்டுவது எல்லாருக்கும் மனம் ஒப்பாத காரியம். ஏனென்றால் செத்த பகுதியோடு நின்றால் பயனில்லை; நல்ல சதைக்குள் ஒரு விரற்கடை உள்ளே போய், நன்றாக இருக்கும் குழிகள் சிலவற்றையும் சேர்த்து அறுக்க வேண்டும். வைர முனைச் சில்லு பூட்டிய சின்ன அறுவை இயந்திரத்தால் அறுத்தேன். கல் அரைபடும் மணம் எழுந்தது. நெடுந்தீவில் மதில் கல்லைச் சுத்தியலால் சரிப்படுத்தும்போது எழும் அதே மணம், கூடவே கடற்கவிச்சி. அறுத்த முகத்தில் சயனோஅக்கிரிலேட் பசையைப் பூசி மூடினேன். கடையில் விற்கும் அந்தச் சாதாரணப் பசை தண்ணீருக்குள்ளும் இறுகும். பவளத்துக்குத் தீங்கு செய்யாது.

அந்த நாட்களில் ஒன்றில் பெரியப்பா தொலைபேசியில் வந்தார். தீவை விட்டு வெளியேறாத சிலரில் அவர் ஒருவர்.

"என்ன பிள்ளை, சத்தம் இல்லாமல் இருக்கிறாய்?"

"கல்லுக்கு வருத்தம், பெரியப்பா. மருந்துத் தண்ணியிலை வைச்சிருக்கிறன்."

"என்ன கல்?"

"முருகைக்கல். எங்கடை மதிலிலை இருக்கிற அதே சாதி. இது உயிரோடை இருக்குது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "அது வளருமோ?"

"ஓம். ஆனால் சரியான மெதுவாய். வருசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிசு."

"அப்ப ஒரு சாண் கல்லுக்கு?"

"இருபது வருசத்துக்கு மேலை."

"எங்கடை வடக்கு மதிலிலை எத்தினை கல் இருக்குமெண்டு நினைக்கிறாய்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் பதிலை எதிர்பார்க்கவில்லை. "வடிவாய்ப் பார் பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தப்பிய பகுதிக்கு ஊட்டம் வேண்டும். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, கைகள் நீண்டபிறகு, அரைத்த இறாலைக் கரைத்துக் குழாயால் ஒவ்வொரு வாயருகிலும் மெதுவாக விடுவது. தொட்டியில் இருக்கும் இறால் ஒன்று இதற்காகவே காத்திருக்கும். பவளத்தின் வாய்க்குள் போன இரையையும் கால்விட்டுத் தோண்டி எடுத்துவிடும். பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றின் மேற்பாதியை வெட்டிப் பவளத்தின்மேல் கவிழ்த்து, அதன் வாய்வழியே ஊட்டினால்தான் நோயாளிக்குச் சாப்பாடு போய்ச் சேரும். ஊட்டி முடிய அரைமணி நேரம். பவளம் இரையை விழுங்குவதைப் பார்ப்பது, காய்ச்சலில் கிடந்த பிள்ளை முதல் கவளம் கஞ்சி குடிப்பதைப் பார்ப்பது மாதிரி.

இனிச் சுண்ணாம்பு. பவளம் கல் கட்டத் தண்ணீரில் இருந்து கல்சியத்தையும் காபனேற்றையும் எடுக்கிறது. கடலுக்கு அது ஒரு பொருட்டல்ல. 300 லீற்றர் தொட்டியில் நாள்தோறும் நிரப்ப வேண்டும். அதற்கு மிகப் பழைய, மிக மலிவான வழி தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீரில் ஒன்றரைக் கிராம் அளவு நீற்றிய சுண்ணாம்பைக் கலக்கி, அடியில் மண்டி இறங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் இரவில் துளித்துளியாக விடுவது. ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஈடாகவே அதை விடலாம். அதன் காரம் கடுமை. பிஎச் 12க்கும் மேல். ஒரேயடியாக ஊற்றினால் தொட்டியே செத்துவிடும். கனடாவில் ஊறுகாய் போடுகிறவர்களுக்கென்று இந்தச் சுண்ணாம்பைப் பொதியில் விற்கிறார்கள்.

குளிர்காலத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. மாதக்கணக்காக யன்னல் திறக்காத வீட்டில் நாங்கள் விடும் மூச்சுக்காற்று உள்ளேயே சேர்ந்து, கரியமில வாயு தொட்டித் தண்ணீரில் கரைந்து பிஎச்சை இறக்கும். சுண்ணாம்பு அந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததைப் பவளம் எடுத்துக் கல்லாக்கும். காளவாயில் நாங்கள் நெருப்பு வைத்துப் பிரித்தெடுத்தது எதுவோ, அதையே இங்கே துளித்துளியாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள்; நான் சுண்ணாம்பை ஊட்டிப் பவளத்தை வளர்க்கிறேன். அப்பாச்சி இருந்திருந்தால் இதை அவவுக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தியிருப்பேன்.

இந்த வித்தை ஒன்றும் ஆய்வுக்கூடங்களில் மட்டும் பிறந்ததல்ல. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் யகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிருள்ள கற்களையும் காற்றுக் குமிழியையும் மட்டும் நம்பிப் பவளத்தைத் தொட்டியில் வாழவைத்தார். எழுபதுகளில் சுண்ணாம்புத் தண்ணீரைப் பரவலாக்கியவர் பீற்றர் வில்கென்ஸ். எங்கள் தீவில் நான் செத்த கல்லைத் தடவிக்கொண்டு பள்ளிக்கூடம் போன அதே ஆண்டுகள் அவை.

கடலில் இருக்கும் நோயாளிகளுக்கு யார் போர்வை போர்த்துவது? 2014இல் மயாமிக் கரையை ஒட்டிய கடலில் ஒரு நோய் கண்டார்கள். கற்பவளங்களின் சதை கிழமைக்கணக்கில் உரிந்து போகும் நோய். புளோரிடாக் கரை முழுவதும் பரவி, கரீபியன் கடலுக்கும் போனது. சுழியோடிகள் நீருக்குள் இறங்கி, பிள்ளைகளின் காதுக்குத்துக்குக் கொடுக்கும் அமொக்சிசிலின் மருந்தைப் பசையில் குழைத்து நோய் விளிம்பில் விரலால் அப்பினார்கள். அப்பிய இடத்தில் பெரும்பாலும் நோய் நிற்கிறது. அதே பவளத்தில் வேறிடத்தில் புதிதாகத் தொடங்குவதை அந்த மருந்தால் தடுக்க முடியவில்லை. ஆகவே இன்னும் நோய் தொடாத பவளங்களை எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, அமெரிக்காவின் விலங்குக் காட்சிச் சாலைகளிலும் மீன் காட்சியகங்களிலும் தொட்டிகளில் வைத்துக் காக்கிறார்கள். ஒரு கடலின் விதைநெல் தொட்டிகளில் இருக்கிறது. இதை வாசித்தபிறகு என் இருப்பறைத் தொட்டியைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

எங்கள் பக்கக் கடலின் கதையும் நல்லதல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் தூத்துக்குடிப் பக்கத்து விலங்குச்சல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளத்தை ஆண்டுக்கணக்காக வெட்டி எடுத்ததே பெருங்காரணம். இலங்கையில் கரையோர வலயத்தில் பவளம் அகழ்வதை 1988இல் சட்டம் தடைசெய்தது. அகழ்வு அதோடு நின்றுவிடவில்லை. 2004 ஆழிப்பேரலையில் பவளம் அகழப்பட்ட பெரேலியாவில் அலை ஏறத்தாழ 10 மீற்றர் எழுந்து, ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போய், அங்கே நின்ற பயணிகள் ரயில் ஒன்றில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சில கிலோமீற்றர் தள்ளி, பவளப்பாறை மிஞ்சியிருந்த ஹிக்கடுவவில் அதே அலை 2, 3 மீற்றர் உயரத்தோடு நின்றது. பிறகு வெப்பம். 1998இல் இலங்கையின் ஆழங்குறைந்த பவளங்களில் பெரும்பகுதி வெளிறிச் செத்தது. 2023இல் தொடங்கிய உலக வெளிறலில் உலகப் பவளப்பாறைப் பரப்பில் 84 விழுக்காடு வரை ஆபத்தான சூட்டுக்கு உள்ளானது. கோடைக்காலத்து உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரே ஒரு பாகை சில கிழமை நீடித்தால் போதும். என் தொட்டியில் அந்த ஒரு பாகைக்குக் காவலாக ஒரு கருவி மாட்டியிருக்கிறேன்.

அந்தக் குளிர்காலம் முடியும் தறுவாயில் விளிம்பு நகர்வது நின்றது. கோடையில், பசை பூசிய வெட்டின்மேல் மெல்லிய தோல் ஒன்று வழியத் தொடங்கியது. அதன்பிறகு அந்தத் தோலுக்குள் ஒரு புள்ளி, புள்ளி குழியாகி, குழிக்குள் வாய் திறந்தது. இன்று அதில் இருந்து வெட்டிய துண்டுகள் வேறு வீடுகளில் இருக்கின்றன. ஒன்று மகளின் வீட்டில்.

தொட்டி வைக்கும் எம்மவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பவளம் வாங்கும்போது அது எங்கே வளர்ந்தது என்று கேளுங்கள். கடலில் இருந்து உடைத்ததை வேண்டாமென்று விட்டு, தொட்டியில் வளர்ந்த துண்டை வாங்குங்கள். தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது அதுதான், பிழைப்பதும் அதுதான். உங்கள் பவளத்துக்கு வருத்தம் வந்தால் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கப் போகாதீர்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள், காரத்தன்மையைப் பாருங்கள், வெட்ட வேண்டுமானால் துணிந்து வெட்டுங்கள். ஒரு குழியில் மட்டும் சதை மிஞ்சியிருந்தாலும் அது பிழைக்கக்கூடும். ஓராண்டாவது பொறுத்துப் பாருங்கள்.